கிடப்பாருக்குக் கிழக்கு எது?

கட்டடக்கலை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவன கோபுரங்களும் விமானங்களும் அரண்மனைகளும்தாம். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறோம். கபோதத்தையும் கூடுகளையும் பற்றி நாட்கணக்கில் வாதிடுகிறோம். ஆனால், நம்மில் பலர் பிறந்ததும் ஒருநாள் கண்மூடப் போவதுமான கட்டடத்தைப் பற்றிச் சொல்ல மட்டும் நம்மிடம் ஏதும் இருப்பதில்லை. மருத்துவமனைக்குப் போய்த் திரும்பியவரிடம் மருத்துவர் யார், செலவு எவ்வளவு, சாப்பாடு எப்படி என்றெல்லாம் விசாரிப்போம். சன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அப்படியொரு கேள்வியைக் கேட்டவர் நோயாளியேதான். அதற்குப் பிறகு வருகிறோம்.

ஏனைய கட்டடங்களை நின்றும் நடந்தும் அறிகிறோம். மருத்துவமனையோ படுத்தபடி அறியப்படும் கட்டடம். காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்து நெடுங்கல்வெட்டு ஒன்று உள்ளது. 11ஆம் நூற்றாண்டு. அங்கிருந்த கல்விச்சாலை, விடுதி ஆகியவற்றோடு வீரசோழன் என்ற பெயர்கொண்ட ஆதுலர் சாலைக்கும் அளிக்கப்பட்ட நிவந்தங்களை அது விரிவாகப் பேசுகிறது. மருத்துவர் ஒருவர், சல்லியக் கிரியை செய்வார் ஒருவர், பணிசெய்வோர், மருந்துகளின் நீண்ட பட்டியல் என்று எல்லாம் அதில் உண்டு. நோயுற்றோர் 15 பேர். அவர்களைக் கல்வெட்டு 'கிடப்பார்' என்றே சுட்டுகிறது. நோயாளி என்பவர் கிடப்பவர். எவ்வளவு எளிய சொல்! கூடவே, இரவு முழுதும் எரியும் விளக்கு ஒன்றுக்கு எண்ணெயும் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த விளக்கைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிடப்பவரின் கண்ணிலிருந்து ஒரு கட்டடம் முழுவதையும் சிந்தித்தவர் என்று நாங்கள் மதிப்பவர் ஃபின்லாந்தின் அல்வார் ஆல்டோ. அந்நாட்டின் தென்மேற்கில், பைமியோ என்ற ஊரின் பைன் மரக்காட்டுக்குள் காசநோயாளிகளுக்கான சானடோரியம் ஒன்றைக் கட்டுவதற்கான போட்டியில் 1929இல் வென்று, 1933இல் கட்டி முடித்தார். மனைவி ஐனோ ஆல்டோவும் உடன் உழைத்தார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. ஓய்வு, உணவு, காற்று, வெயில் ஆகியவைதாம் சிகிச்சை. மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், படுத்துக்கிடக்க வேண்டும். அப்படிக் கிடப்பவருக்கு நாளெல்லாம் கண்முன் இருப்பது எது? கூரைதான். ஆகவே சுவரை வெளிர்நிறத்தில் விட்டுவிட்டுக் கூரைக்கு மட்டும் கண்ணை உறுத்தாத பச்சை வண்ணம் பூசினார். விளக்கைப் படுத்திருப்பவரின் பார்வையில் நேரே படாத இடத்துக்குத் தள்ளினார். அறையைச் சூடாக்கும் அமைப்பின் வெம்மை தலையில் அடிக்காமல் காற்பக்கம் விழும்படி செய்தார். அறைக்கு இருவர் என்பதால், ஒருவர் கைகழுவும் ஓசை மற்றவரின் உறக்கத்தைக் கெடுக்கக்கூடாது என்று, நீர் சாய்வாக விழுந்து ஓசையின்றி வடியும் கைகழுவு தொட்டியை வடிவமைத்தார். கதவின் கைப்பிடிகூட மருத்துவரின் மேலங்கிக் கை அதில் மாட்டாதபடி வளைந்திருக்கும். மூச்சுத் திணறுவோர் சாய்ந்தமர்வதற்கென்று வளைத்த மரப்பலகையில் அவர் செய்த நாற்காலி, 'பைமியோ நாற்காலி' என்ற பெயரில் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கிறது. நாற்காலியைக் கொண்டாடுகிற அளவுக்கு அந்தக் கைகழுவு தொட்டியை யாரும் கொண்டாடுவதில்லை என்பது எங்களுக்குச் சிறு வருத்தம்.

இனி எங்கள் அப்பாவுக்கு வருவோம். நில அளவைத் துறையில் 34 ஆண்டுகள் சங்கிலி பிடித்தவர். எந்த ஊருக்குப் போனாலும், எந்த உறவினர் வீட்டுக்குள் நுழைந்தாலும், முதலில் திசையைக் கணித்துக்கொண்டுதான் உட்காருவார். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறும்போது, "நாம தென்மேற்குல உக்காந்திருக்கோம்" என்பார். நாங்கள் சிரிப்போம். 2019இல், தமது 76ஆம் வயதில், கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நகரத்தின் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை நடந்தது. (பெயர் வேண்டாம். அப்படிப்பட்ட கட்டடங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.) அறுவை செய்த மருத்துவரைப் பற்றி இன்றுவரை எங்களுக்கு நன்றியைத் தவிர வேறெதுவும் இல்லை. எலும்பை அவர் மிகச் செம்மையாகப் பொருத்தினார்.

அறுவைக்குப் பின் ஐ.சி.யூ.வில் மூன்று நாள். சன்னலே இல்லாத கூடம். மேலே ஃபால்ஸ் சீலிங், அதில் சதுரச் சதுரமாக விளக்குகள். அவை அணைவதே இல்லை. காலை 11 மணிக்கும் நள்ளிரவு 2 மணிக்கும் ஒரே வெளிச்சம், ஒரே குளிர், ஒரே 'பீப்' ஒலி. ஒருவர் மாற்றி ஒருவராக, பச்சை அங்கியும் காலுறையும் அணிந்து ஐந்து நிமிடம் உள்ளே போய்வருவோம். முதல் நாள் அக்காவிடம் அவர் கேட்டது, "கிழக்கு எந்தப் பக்கம்மா?" என்பதுதான். அக்காவுக்குத் தெரியவில்லை. அங்கிருந்த செவிலியருக்கும் தெரியவில்லை. இரண்டாம் நாள், "விடிஞ்சிருச்சா, இல்லியா?" என்று கேட்டார். அப்போது மாலை 6 மணி. மூன்றாம் நாள் அவர் எங்களிடம் பேசவில்லை. வயலில் நின்றபடி யாருக்கோ ஆணையிட்டுக்கொண்டிருந்தார். எல்லைக் கல்லை யாரோ பிடுங்கிவிட்டார்களாம். "கல்லு எங்கடா போச்சு, கல்லு எங்கடா?" என்று கட்டிலின் விளிம்பைத் தடவித் தடவித் தேடினார். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கியெறிந்ததால் கைகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள்.

இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. டெலிரியம், அதாவது சித்தக் கலக்கம். முதுமை, அறுவை, வலிமருந்து, தூக்கமின்மை எனப் பல காரணங்கள் கூடி வருவது. கட்டடத்தின் தலையில் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. எனினும் பிறகு தேடிப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 1972இலேயே வில்சன் என்ற அமெரிக்க மருத்துவர், சன்னல் உள்ள ஐ.சி.யூ. ஒன்றையும் சன்னல் இல்லாத ஐ.சி.யூ. ஒன்றையும் ஒப்பிட்டிருக்கிறார். பக்கத்துக்கு 50 அறுவை நோயாளிகள். சன்னல் உள்ள இடத்தில் நூற்றுக்கு 18 பேருக்குச் சித்தக் கலக்கம் ஏற்பட்டது. இல்லாத இடத்தில் நூற்றுக்கு 40 பேருக்கு. பின்னாளில் நடந்த பெரிய ஆய்வுகளில் சன்னலுக்கு இந்த அளவு பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். சன்னல் எங்கோ முதுகுப்புறம் இருந்து, நோயாளி அரைமயக்கத்தில் கிடந்தால், சன்னலால் என்ன பயன்? ஆனால் அப்பாவின் கேள்வி புள்ளிவிவரத்துக்குக் கட்டுப்படாதது. தமக்கு வேண்டியது என்ன என்பதை முதல் நாளிலேயே அவர் தெளிவாகக் கேட்டார். அந்தக் கட்டடத்தில் அதற்கு விடை இல்லை.

சன்னல் ஆய்வுகளிலேயே பெரும்புகழ் பெற்றது ரோஜர் உல்ரிச்சுடையது. 1984இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. நீளமென்று பார்த்தால் மிகச் சிறிய கட்டுரை. பென்சில்வேனியாவின் புறநகர் மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டோரின் ஏடுகளை எடுத்து, வயது, பால், உடல்நிலை எல்லாம் ஒத்துவரும்படி 23 இணைகளாக்கினார். ஒவ்வோர் இணையிலும் ஒருவரின் சன்னலுக்கு வெளியே மரங்கள். மற்றவரின் சன்னலுக்கு வெளியே பழுப்புச் செங்கற்சுவர். மரத்தைப் பார்த்துக் கிடந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினர். சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. கடும் வலிமருந்தும் மரக்காரர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. முக்கால் நாள்தானே என்று தோன்றலாம். 46 பேரை வைத்துக்கொண்டு உலகத்தையே அளக்க முடியாது என்பதும் சரியே. ஆனால் அந்த முக்கால் நாளுக்கு மருத்துவமனை செலவழித்தது ஒன்றுமில்லை. மரம் எப்போதோ யாரோ நட்டது.

அப்பாவை நான்காம் நாள் தனியறைக்கு மாற்றினார்கள். அங்கே சன்னல் இருந்தது. திறக்க முடியாத, கருநீலக் கண்ணாடி பதித்த சன்னல். அதன் வழியே பகலும் அந்தியாகத்தான் தெரியும். இருந்தும், மறுநாளே அப்பா பாதி தெளிந்துவிட்டார். வெயில் விழும் சாய்வைப் பார்த்து, "இது மேற்கு" என்று தாமே சொன்னார். நாங்கள் மூச்சுவிட்டோம்.

ஆறாம் நாள் இரவில் விழுந்தார். நடந்தது இவ்வளவுதான். அதிகாலை 3 மணியளவில் ஊசிமருந்து ஒன்று உடனே வேண்டுமென்று சீட்டு எழுதிக் கொடுத்துத் தம்பியைக் கீழே அனுப்பினார்கள். மருந்தகம் தரைத்தளத்தில், அறை நான்காம் தளத்தில். இரவில் ஒரே லிஃப்ட். அவன் போய்வருவதற்குள் அப்பா சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு எட்டடி. அந்த எட்டடியில் பற்றிக்கொள்ளக் கம்பி ஏதும் இல்லை. தண்ணீர் அறைக்குள் வராமலிருக்கக் கழிப்பறைத் தரையை நான்கு விரற்கடை தாழ்த்தி, வாசலில் சலவைக்கல் திண்டும் வைத்திருந்தார்கள். நம் ஊர்க் கட்டடங்களில் இது வழக்கம்தான். தரைக்குச் சரியான வாட்டம் கொடுத்தால் தேவையே இல்லாதது. விளக்கின் சுவிட்ச் கதவுக்குப் பின்புறம். அவர் இருட்டில் திண்டு தடுக்கி, முகம்படிய உள்ளே விழுந்தார். செவிலியர் மேசையோ தாழ்வாரம் திரும்பும் மூலைக்கு அப்பால். அங்கிருந்து எந்த அறைக் கதவும் தெரியாது. தம்பி வந்து பார்த்தபோதுதான் கண்டார்கள்.

நெற்றியில் ஏழு தையல். பொருத்திய எலும்பு தப்பியது. ஆனால் அப்பாவுக்குத் தம் கால்மேல் இருந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று. அதன்பின் வாழ்ந்த 16 மாதமும் வாக்கரைப் பற்றிக்கொண்டு, வீட்டு வாசற்படியைக்கூடக் கிணற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஊரெல்லாம் நடந்து அளந்த மனிதர். மருத்துவமனையின் அறிக்கையில், நோயாளி அறிவுரையை மீறி எழுந்து சென்றார் என்று எழுதியிருந்தார்கள். திண்டையும் சுவிட்சையும் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. திருமுக்கூடல் விளக்கை நாங்கள் நினைத்துக்கொண்டது அப்போதுதான். 15 பேர் கிடக்கும் இடத்தில் இரவில் யாராவது ஒருவர் எழுந்திருக்கத்தான் செய்வார் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

செவிலியர் கண்ணுக்கு எல்லாக் கட்டிலும் தெரியவேண்டும் என்பது ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் கொள்கைகளுள் ஒன்று. கையில் விளக்கேந்திய கருணை வடிவமாகத்தான் பள்ளிப் பாடங்கள் அவரை நமக்கு அறிமுகம் செய்தன. மெய்யான நைட்டிங்கேல் கணக்குப் பிள்ளையைப் போன்றவர். பட்டியலும் வரைபடமும் வைத்துக்கொண்டு அமைச்சர்களைத் துரத்தியவர். கிரிமியப் போரின்போது அவர் பணியாற்றிய ஸ்கூட்டாரி மருத்துவமனை, கழிவுநீர்க் கால்வாய்கள் அடைத்துக்கொண்ட பழைய படைவீட்டில் இயங்கியது. 1855 பிப்ரவரியில் அங்கு சேர்க்கப்பட்டோரில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு கால்வாய்களைக் கழுவிவிட்டு, காற்று வர வழி திறந்தது. சூன் மாதத்துக்குள் அது நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது. போர் முடிந்து ஊர் திரும்பி எண்களை வரிசைப்படுத்திய பின்னரே, கொன்றதில் பெரும்பங்கு கட்டடத்துக்கு என்பது அவருக்கு முழுமையாக விளங்கிற்று. 1859இல் மருத்துவமனைகளைப் பற்றி நூலொன்று எழுதினார். மருத்துவமனை முதற்கண் நோயாளிக்குக் கேடு செய்யாதிருக்க வேண்டும் என்பதே அதன் தொடக்கம்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் கடற்கழி ஓரம் நெட்லி என்ற இடத்தில் மாபெரும் படைமருத்துவமனை எழும்பிக்கொண்டிருந்தது. 1856இல் விக்டோரியா அரசியார் அடிக்கல் நாட்டியது. கால் மைல் நீள முகப்பு. கப்பலிலிருந்து பார்த்தால் அரண்மனையேதான். வரைபடத்தைப் பார்த்த நைட்டிங்கேல் கொதித்துப் போனார். கடலையும் வெயிலையும் நோக்கிய பக்கம் முழுவதும் தாழ்வாரம்! நோயாளிகளின் அறைகள் பின்புறத்தில், முற்றத்தைப் பார்த்தபடி! பிரதமர் பாமர்ஸ்டனிடம் முறையிட்டார். அவரும், கட்டடக்கலைஞரின் பகட்டுக்கு நோயாளிகளின் நலம் பலியிடப்படுவதாகப் பொருள்பட அமைச்சருக்கு எழுதினார். பயனில்லை; சுவர்கள் எழும்பிவிட்டிருந்தன, பணம் செலவாகிவிட்டிருந்தது. 1863இல் திறந்து, நூறாண்டு இயங்கி, 1966இல் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. நடுவில் இருந்த சிற்றாலயம் மட்டும் நிற்கிறது. நம் ஊர் நெடுஞ்சாலைகளில் கண்ணாடி பளபளக்க எழும்பும் மருத்துவமனைகளைக் காணும்போதெல்லாம் எங்களுக்கு நெட்லி நினைவு வரும். பேருந்திலிருந்து பார்ப்பவருக்கு மிக அழகாக இருக்கின்றன.

நைட்டிங்கேல் வழி வந்த நீண்ட வார்டுகள் நமக்குப் புதியவை அல்ல. ஆங்கிலேயர் காலத்து அரசு மருத்துவமனைகளில் இன்றும் சில எஞ்சியுள்ளன. இருபதடிக் கூரை, இருபுறமும் ஆளுயரச் சன்னல்கள், மேலே காற்றுப்போக்கிகள். எங்கள் பாட்டி அப்படியொரு வார்டில் 1980களில் மூன்று வாரம் கிடந்தார். வேப்பமரக் காக்கை சன்னல் வழியே வந்து இட்லியைக் கொத்திக்கொண்டு போகும்; கட்டிலுக்கடியில் பூனை குட்டி போடும்; கொசுவைச் சொல்லவே வேண்டாம். அந்தக் காலத்தைப் பொற்காலமென்று பாட நாங்கள் முன்வரவில்லை. மறைப்பில்லாத வார்டில் இடுப்புச் சேலையைச் சரிசெய்துகொள்ளப் பாட்டி பட்ட கூச்சம் எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கிருமி தொற்றுவதிலும் தனியறைக்கே மேன்மை. கனடாவின் மாண்ட்ரியல் பொது மருத்துவமனை 2002இல் ஐ.சி.யூ. முழுவதையும் தனியறைகளாக மாற்றியது. பகிர்ந்த அறைகளையே வைத்திருந்த இன்னொரு மருத்துவமனையோடு ஒப்பிட்டு 2011இல் வெளியான ஆய்வு, மருந்துக்கு எளிதில் மசியாத மூன்று கிருமிகள் தொற்றுவது பாதிக்கும் மேலாக, நூற்றுக்கு 54 என்ற அளவில், குறைந்ததைக் காட்டிற்று. ஆக, தனியறை கிருமியைத் தடுக்கும், செவிலியர் கண்ணையும் தடுக்கும். அறைக்கதவில் ஒரு கண்ணாடித் துண்டு, நான்கு அறைக்கு ஒரு சிறு மேசை என்று வைத்தால் இரண்டும் கிட்டும். அப்பாவின் தளத்தில் அந்த இடத்தில் இருந்தது ஒரு நீரூற்றுச் சிற்பம்.

ஆனால் காற்று விஷயத்தில் பழைய கட்டடங்களை விட்டுக்கொடுக்க நாங்கள் ஆயத்தமில்லை. பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் 70 அறைகளை அளந்து 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. காசநோய் காற்றில் பரவுவது; அறையின் காற்று மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதே கேள்வி. உயர் ஆபத்துள்ள அறைகளுக்கு இயந்திரம்மூலம் 12 முறை மாற்றவேண்டும் என்பது நெறி. சன்னலையும் கதவையும் திறந்துவைத்த அறைகளில் அது 28 முறை மாறியது. ஐம்பதாண்டுகளுக்கு மேற்பட்ட, உயர்ந்த கூரையும் பெரிய சன்னலும் கொண்ட அறைகளிலோ 40 முறை! மருந்து தொடங்காத காசநோயாளிகளோடு ஒருநாள் முழுதும் இருந்தால் எத்தனை பேருக்குத் தொற்றும் என்றும் கணித்தார்கள். இயந்திரக் காற்றோட்ட அறையில் நூற்றுக்கு 39 பேர், புதிய சன்னல் அறையில் 33 பேர், பழைய அறையில் 11 பேர். இந்தக் கணக்கைப் படித்தபோது பாட்டியின் வார்டையும் காக்கையையும் எண்ணி நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இது ஏட்டுக்கணக்கு மட்டுமன்று. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் துகேலா ஃபெரி என்ற சிற்றூர் மருத்துவமனையில், பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய் 53 பேரிடம் கண்டறியப்பட்டு, அவர்களில் 52 பேர் இறந்த செய்தி 2006இல் வெளிவந்தது. நோய் மருத்துவமனைக்குள்ளேயே பரவியதற்கான தடயங்கள் இருந்தன. எதற்கோ மருந்து வாங்க வந்து கூட்டத்தில் காத்திருந்தவர்கள் எதையோ வாங்கிப் போயிருக்கிறார்கள். ருவாண்டாவில் புட்டாரோ என்ற மலையூரில் 2011இல் திறக்கப்பட்ட மருத்துவமனையை வடிவமைத்தவர்கள் இந்தப் பாடத்தை மனத்தில் கொண்டே பணியைத் தொடங்கினர். அங்கே மூடிய தாழ்வாரமே கிடையாது, காத்திருப்பதெல்லாம் வெளித்திண்ணையில். வார்டின் நடுவே ஒரு குட்டைச் சுவர், தலைமாடு அதை ஒட்டியபடி, ஒவ்வொரு கட்டிலும் சன்னலைப் பார்த்தபடி. சுவர்கள் அவ்வூர் எரிமலைக் கல். உலக நலவாழ்வு அமைப்பும் 2009இல், தொற்றுநோய்த் தனியறைகளில் ஒரு நோயாளிக்கு நொடிக்கு 160 லிட்டர், பொது வார்டில் 60 லிட்டர் காற்று என இயற்கைக் காற்றோட்டத்துக்கு அளவு வகுத்துத் தந்தது. 2020 வரை இதை நம் ஊரில் யார் படித்தார்கள்? கொரோனா வந்தபின், திறக்கவே முடியாதபடி செய்த சன்னல்களை எப்படித் திறப்பது என்று பல மருத்துவமனைகளில் தவித்தார்கள்.

இவ்வளவும் சொன்னபின் எதிர்த்தரப்புச் சான்று ஒன்றையும் வைத்தாக வேண்டும். அதுவும் நம் சென்னையிலிருந்து. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிமருந்து மையம், 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கிற்று. ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் காற்றும். மறு பிரிவுக்கு நெருக்கடியான தத்தம் வீட்டிலேயே கிடைத்த உணவும் வேலையும். மருந்து இருவருக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் குணமடைந்தோரில் பெரிய வேறுபாடில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களை மூடவைத்த காரணங்களுள் ஒன்றாயிற்று. சரியான மருந்து வந்ததும் பைன் காடும் பச்சைக் கூரையும் சிகிச்சை என்ற தகுதியை இழந்தன. பைமியோவும் பின்னாளில் பொது மருத்துவமனையாக மாறிவிட்டது. இதை வைத்து, கட்டடமாவது ஒன்றாவது என்று எங்கள் உறவில் ஒரு மருந்தாளுநர் வாதிடுவார். கட்டடம் நோயைத் தீர்க்கும் என்று நாங்களும் சொல்லவில்லை. எலும்பைச் சேர்த்தது மருத்துவரும் உலோகத்தகடும்தான். திண்டு செய்தது வேறு வேலை.

கிடப்பவர் எழுந்து ஓட முடியாதவர் என்பதை மறந்த கட்டடம் என்ன செய்யும் என்பதற்கு 2011 டிசம்பர் 9 விடியற்காலையைச் சொல்லவேண்டும். கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில், பொருள்களை அடைத்துவைத்திருந்த இடத்தில் தீப்பிடித்தது. தீ மேலே ஏறவில்லை, புகை ஏறியது. கண்ணாடியால் மூடிய கட்டடத்தில் அது வெளியேற வழியில்லை. எண்பதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் படுக்கையிலேயே, மூச்சடைத்து இறந்தனர். கண்ணாடிகளை உடைத்துத்தான் பலரை இறக்கினார்கள். தீயின்போது லிஃப்டைப் பயன்படுத்தக்கூடாது என்ற அறிவிப்புப் பலகையைப் பார்க்கும்போது, கட்டிலோடு இருப்பவர் என்ன செய்வார் என்று யோசித்திருக்கிறீர்களா? பழைய அரசு மருத்துவமனைகளில் ஸ்டிரெச்சரைத் தள்ளிச்செல்ல மாடிக்குச் மாடி சாய்தளம் இருக்கும். அழகற்றது, இடத்தை அடைப்பது. அதற்காகவே புதிய கட்டடங்களில் பலர் அதை முதலில் வெட்டிவிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு எங்கள் சித்தப்பா மகன், எலும்பு மருத்துவர், மாவட்டத் தலைநகர் ஒன்றில் 20 படுக்கைகளோடு சொந்தமாக மருத்துவமனை கட்டத் தொடங்கினான். பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோது பார்க்கக் கூப்பிட்டான். முதல் அறையில் கட்டில் வரப்போகும் இடத்தில் அக்கா இரண்டு சிமெண்டுச் சாக்கை விரித்துப் படுத்துவிட்டார். பொறியாளருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, எந்திரிங்க, சேலையெல்லாம் வீணாப்போகுது" என்றான் தம்பி. "நீ படுத்துப் பாரு, அப்புறம் பேசு" என்றார் அக்கா. அவன் படுத்தான். விளக்குப் புள்ளி நேராக அவன் கண்ணுக்கு மேலே இருந்தது. ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பொறியாளரையும் படுக்கச் சொன்னான். விளக்கு சுவரோரம் போயிற்று. கழிப்பறைத் திண்டுகள் அன்றே உடைபட்டன. தரையை மறுபடி வாட்டம் பார்த்துப் பூசினார்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை சுவரில் கம்பி, முழங்கால் உயரத்தில் இரவெல்லாம் எரியும் சிறு விளக்கு. திறக்கும் சன்னல் வேண்டுமென்றதற்கு மட்டும், தெருத்தூசி வரும், ஏ.சி. மின்கட்டணம் ஏறும், முகப்புக் கண்ணாடிக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்று மூன்று காரணம் சொன்னான். கிழக்குப் பக்கத்து ஆறு அறைகளுக்காவது என்று அக்கா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.